சலவைக்கூடத்தில் பிறந்த மூன்று கோடுகள்: அடிடாஸ் நிறுவனர் அடால்ஃப் டாஸ்லரின் வாழ்க்கை

இந்திய கிரிக்கெட் வீரர்களின் சட்டைத் தோள்களில் 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து மூன்று கோடுகள் இடம்பெற்று வருகின்றன. உலகின் ஏறக்குறைய எல்லா விளையாட்டு அரங்குகளிலும் காணக்கூடிய அந்தக் கோடுகள் தொடக்கத்தில் அலங்காரமாக வரையப்பட்டவை அல்ல. ஓட்டத்தின்போது காலணியின் தோல் நெகிழ்ந்து வடிவம் இழக்காமல் இருக்க, அதன் பக்கவாட்டில் வைத்துத் தைக்கப்பட்ட தோல் பட்டைகளே அவை. அவற்றைத் தம் நிறுவனத்தின் அடையாளமாக்கிய அடால்ஃப் டாஸ்லர் முதலில் ரொட்டி சுடும் தொழிலைக் கற்றவர். விளையாட்டுக் காலணித் தொழிலை உலகத் தொழிலாக வளர்த்தவர்களில் முதன்மையானவராக அவர் மதிக்கப்படுகிறார். உடன்பிறந்த அண்ணனோடு கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பகை கொண்டு வாழ்ந்தவரும் அவரே.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், நியூரம்பெர்க் நகருக்கு அருகே, ஔராக் என்ற சிற்றாற்றின் கரையில் ஹெர்சோகனௌராக் என்ற சிற்றூர் அமைந்துள்ளது. அங்கு 1900ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி, நான்கு குழந்தைகளில் கடைசியாக அடால்ஃப் பிறந்தார். நெசவு நலிந்த பின் அந்த ஊர் செருப்புத் தொழிலை நம்பி வாழத் தொடங்கியிருந்தது. தந்தை கிறிஸ்டோஃப் காலணித் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தார். தாய் பவுலினா வீட்டின் பின்புறம் சலவைக்கூடம் நடத்தினார். வெளுத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளைகளின் வேலை. அதனால் டாஸ்லர் சகோதரர்களைச் சலவைக்காரப் பையன்கள் என்றே ஊரார் அழைத்தனர். அடால்ஃபை வீட்டாரும் நண்பர்களும் அடி என்று சுருக்கி அழைத்தனர். ஜெர்மானியர் இதை ஆடி என்று நீட்டி உச்சரிப்பர். தமிழில் அடி என்ற சொல் பாதத்தைக் குறிப்பது தற்செயலே ஆயினும், இவரளவுக்கு அந்தச் சொல் பொருந்தும் மனிதர் வேறொருவர் இருப்பது அரிது.

தந்தையின் விருப்பப்படி ரொட்டிக் கடையில் பயிற்சி பெற்ற அடிக்கு அடுப்பங்கரையில் மனம் ஒட்டவில்லை. ஓட்டம், உயரம் தாண்டுதல், ஈட்டி எறிதல், கால்பந்து, பனிச்சறுக்கு என எல்லாவற்றிலும் அவர் ஈடுபட்டார். எந்த விளையாட்டை ஆடினாலும் காலில் ஒரே மாதிரியான கனத்த காலணியையே அணிய வேண்டியிருந்தது அவரது சிந்தனையைத் தூண்டியது. ஒவ்வொரு விளையாட்டிலும் கால் வெவ்வேறு விதமாக இயங்குவதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலணி வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதே தோன்றியது. இன்று இது எளிய உண்மையாகத் தோன்றலாம். அந்நாளில் அதைத் தொழிலாகக் கொண்டவர்கள் மிகச் சிலரே. அவரது பிற்காலச் சாதனைகள் அனைத்தும் இந்த ஒரே எண்ணத்தின் விரிவுதான்.

முதல் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் படையில் சேர்க்கப்பட்ட அவர், 1919ஆம் ஆண்டு வீடு திரும்பினார். தோற்ற நாட்டில் துணி வெளுக்கக் கொடுக்கும் வசதி யாருக்கும் இல்லாததால், தாயின் சலவைக்கூடம் வெறுமையாகக் கிடந்தது. அதையே அடி தம் பட்டறையாக மாற்றிக்கொண்டார். தோல் கிடைக்கவில்லை, மின்சாரமும் நம்பத்தக்கதாக இல்லை. படையினர் கைவிட்டுச் சென்ற தோற்பைகள், தலைக்கவசங்களின் தோற்பகுதிகள், கூடாரத் துணிகள் ஆகியவற்றைப் பொறுக்கி வந்து வெட்டினார். தோலைச் சீவும் இயந்திரத்தை மிதிவண்டியோடு பொருத்தி, ஒருவர் மிதிக்க மற்றொருவர் வேலை செய்யும்படி அமைத்தார். வயிற்றுப்பாட்டுக்காக வீட்டுச் செருப்புகளைத் தைத்து விற்றபடியே, விளையாட்டுக் காலணிகளைச் செய்து பார்த்தார். கொல்லுப்பட்டறை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர், ஓட்டக் காலணிகளுக்கான முட்களைக் கையால் அடித்துக் கொடுத்தார்.

இரண்டு வயது மூத்த அண்ணன் ருடால்ஃப் 1923ஆம் ஆண்டு தம்பியோடு இணைந்தார். மறு ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, டாஸ்லர் சகோதரர்கள் விளையாட்டுக் காலணித் தொழிற்சாலை என்ற பெயரில் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதிகம் பேசாமல் பட்டறையில் அமர்ந்திருப்பது தம்பியின் இயல்பு. உரத்த குரலில் பேசி நான்கு பேரை நண்பராக்கிக்கொண்டு விற்பனை செய்வது அண்ணனின் இயல்பு. இந்த முரணே தொடக்கத்தில் நிறுவனத்தின் பலமாக இருந்தது. ஆணியால் குமிழ்கள் பதித்த கால்பந்து பூட்ஸ்களும் முள் பொருத்திய ஓட்டக் காலணிகளும் 1925ஆம் ஆண்டிலேயே அங்கிருந்து வெளிவந்தன. சில ஆண்டுகளில் சலவைக்கூடத்தை விட்டு, ரயில் நிலையத்தை ஒட்டிய தொழிற்சாலைக்கு நிறுவனம் இடம் மாறியது.

விளம்பரத்துக்குப் பணம் செலவழிப்பதைவிட நல்ல வீரர் ஒருவரின் காலில் காலணியை மாட்டிவிடுவது மேல் என்பதை அடி விரைவில் உணர்ந்தார். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மகளிர் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ஜெர்மனியின் லினா ராட்கே, டாஸ்லர் முள்காலணிகளை அணிந்திருந்தார். பெண்களுக்கு அந்தத் தொலைவு ஓட்டம் ஒலிம்பிக்கில் அனுமதிக்கப்பட்டது அதுவே முதல் முறை. ஜெர்மன் தடகள அணியின் பயிற்சியாளர் ஜோசப் வைட்சர், ஹெர்சோகனௌராக் வந்து அடியோடு மணிக்கணக்கில் உரையாடும் நண்பரானார்.

தாம் கற்றது போதாது என்று கருதிய அடி, முப்பது வயதைக் கடந்த பிறகு, காலணித் தொழிலுக்குப் பெயர் பெற்ற பிர்மாசென்ஸ் நகருக்குச் சென்று தொழிற்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். காலணிக்கு வடிவம் தரும் மர அச்சுகளைச் செய்யும் ஃபிரான்ஸ் மார்ட்ஸ் என்பவரின் மகள் கேத்தேயை அங்கு சந்தித்தார். 1934ஆம் ஆண்டு மார்ச் மாதம் திருமணம் நடந்தது. பின்னாளில் நிறுவனத்தின் கணக்கு, கடிதப் போக்குவரத்து, விருந்தோம்பல் என அடிக்கு விருப்பமில்லாத பொறுப்புகள் அனைத்தையும் ஏற்றவர் கேத்தே. கணவர் பட்டறையை விட்டு வெளியே வராமல் காலணிகளில் மூழ்கியிருக்க முடிந்தது என்றால் அது அவரால்தான்.

இந்த வளர்ச்சி நடந்த காலம் ஜெர்மனியின் இருண்ட காலம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டு மே மாதம், டாஸ்லர் சகோதரர்கள் நாஜிக் கட்சியில் உறுப்பினராயினர். விளையாட்டைத் தன் பெருமைக்குக் கருவியாக்கிய அந்த ஆட்சியில் விளையாட்டுக் காலணிகளுக்குத் தேவை பெருகியது. நிறுவனமும் அதனால் பயனடைந்தது. சுமார் 100 பேர் பணியாற்ற, 11 விளையாட்டுகளுக்கு 30 வகைக் காலணிகள் அங்கு தயாராயின. அடியைப் போற்றும் வரலாறுகள் இந்தப் பக்கத்தை விரைவாகப் புரட்டிவிட்டு 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்குத் தாவிவிடுவது வழக்கம்.

பெர்லினில் நடந்ததும் உண்மையே. ஆரிய இனத்தின் மேன்மையை உலகுக்குக் காட்ட நாஜிகள் நடத்திய அந்தப் போட்டிகளுக்கு அமெரிக்காவிலிருந்து கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் வந்திருந்தார். கட்சியின் கொள்கை எதுவாக இருந்தாலும், உலகின் மிக வேகமான கால்களில் தம் காலணி இருக்க வேண்டும் என்பதில் அடி உறுதியாக இருந்தார். கைகளால் செய்த டாஸ்லர் முள்காலணிகள் ஓவன்ஸைச் சென்றடைந்தன. 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம் என நான்கு தங்கங்களுடன் ஓவன்ஸ் நாடு திரும்பினார். இதை இனவெறிக்கு எதிரான துணிச்சலாகக் காண்பவர்களும் உண்டு. தொழில்வெறியாகக் காண்பவர்களும் உண்டு. அடியின் வாழ்க்கையை முழுவதுமாக நோக்கினால், இரண்டாவது விளக்கமே உண்மைக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

இரண்டாம் உலகப் போர் சகோதரர்களைப் பிரித்தது. அடி சிறிது காலமே படையில் இருந்துவிட்டுத் தொழிற்சாலையை நடத்தத் திரும்பி வர அனுமதிக்கப்பட்டார். 1943ஆம் ஆண்டு படைக்கு அழைக்கப்பட்ட ருடால்ஃப், தம்மை அனுப்பிவிட்டுத் தம்பி நிறுவனத்தைக் கைக்கொள்ளப் பார்க்கிறார் என்று ஐயுற்றார். அதே ஆண்டின் இறுதியில் காலணி உற்பத்தி நிறுத்தப்பட்டு, பீரங்கி வண்டிகளைத் தகர்க்கும் பான்சர்ஷ்ரெக் என்ற ஆயுதத்தின் பாகங்கள் அந்தத் தொழிற்சாலையில் தயாராயின. கட்டாயத் தொழிலாளர்களும் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். நேற்றுவரை காலணி தைத்த இயந்திரங்களுக்கு நடுவே ஆயுதங்கள் பற்றவைக்கப்பட்டன.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்கப் படைகள் ஹெர்சோகனௌராக்கில் நுழைந்தன. கைது செய்யப்பட்ட ருடால்ஃப் ஓராண்டு காலம் முகாமில் அடைக்கப்பட்டார். தம்மைக் காட்டிக்கொடுத்தது தம்பிதான் என்று அவர் நம்பினார். அடியும் நாஜித் தொடர்புகள் பற்றிய விசாரணைக்கு உள்ளானார். முதலில் அவர் குற்றப்பொறுப்பு மிக்கவர் என வகைப்படுத்தப்பட்டார். நிறுவனத்தை நடத்தும் உரிமை பறிபோகக்கூடிய நிலை அது. தந்தைவழியில் யூத வம்சாவளியைச் சேர்ந்த அண்டை ஊர் மேயர் ஒருவர், கெஸ்டாபோ தம்மைத் தேடியபோது அடி எச்சரித்து அடைக்கலம் கொடுத்ததாகச் சாட்சியம் அளித்தார். மறுபுறம், ஆயுத உற்பத்திக்குத் தம்பியே காரணம் என்று ருடால்ஃப் குற்றம் சாட்டினார். அதைக் கேத்தே மறுத்து வாதாடினார். இறுதியில் 1947ஆம் ஆண்டு, அடி கட்சியைப் பின்தொடர்ந்தவர் என்ற குறைந்த பிரிவில் வைக்கப்பட்டுத் தொழிலை நடத்த அனுமதி பெற்றார். ஓவன்ஸின் காலணிகளைச் செய்தவர் இவர் என்றறிந்த அமெரிக்கப் படைவீரர்கள் இதற்குள் அவரது வாடிக்கையாளர்களாகிவிட்டிருந்தனர்.

சகோதரர்களின் பகைக்கு ஊரில் பல காரணங்கள் சொல்லப்பட்டன. குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குகுழிக்குள் நுழைந்த அடி, வானில் பறந்த விமானங்களைச் சபித்ததை, அங்கு ஏற்கெனவே குடும்பத்துடன் அமர்ந்திருந்த ருடால்ஃப் தம்மைப் பற்றியதாக எடுத்துக்கொண்டார் என்பது அவற்றில் பரவலானது. மனைவியர் இருவரும் ஒரே கூரையின்கீழ் ஒத்துப்போகவில்லை என்பதும் ஒன்று. விசாரணையில் ஒருவருக்கெதிராக ஒருவர் நின்ற பிறகு வேறு காரணம் தேவைப்படவில்லை. 1948ஆம் ஆண்டு சொத்து பிரிக்கப்பட்டது. இயந்திரங்கள் முதல் காப்புரிமைகள் வரை பங்கிடப்பட்டன. யாரோடு போவது என்பதை முடிவு செய்யும் உரிமை தொழிலாளர்களுக்கு விடப்பட்டது. பட்டறைக் கைவினைஞர்களில் பெரும்பாலோர் அடியோடு தங்கினர். விற்பனைப் பிரிவினர் ருடால்ஃபைப் பின்தொடர்ந்தனர். தாய் மூத்த மகன் பக்கமும், சகோதரி மரி இளையவர் பக்கமும் நின்றனர்.

ஆற்றின் மறுகரைக்குச் சென்ற ருடால்ஃப், தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ரூடா என்று தொடங்கி, பின்னர் பூமா என்று மாற்றினார். அடி தேர்ந்தெடுத்த அட்டாஸ் என்ற பெயருக்குக் குழந்தைகள் காலணி நிறுவனம் ஒன்று ஆட்சேபம் தெரிவித்ததால், சுருக்கப் பெயரையும் குடும்பப் பெயரின் முதல் மூன்றெழுத்துகளையும் சேர்த்து அடிடாஸ் ஆக்கினார். 1949ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி அந்நிறுவனம் பதிவானபோது அதில் 47 பேர் பணியாற்றினர். பழைய டாஸ்லர் காலணிகளில் இரண்டு பட்டைகள் இருந்தன. இருவருக்கும் உரிமையுள்ள அந்த வடிவத்தைத் தவிர்க்க அடி மூன்று பட்டைகளைத் தேர்ந்தார். கறுப்புத் தோலின்மேல் அவற்றை வெள்ளையாக்கியபோது, பார்வையாளர் வரிசையிலிருந்தும் நாளிதழ்ப் படங்களிலும் காலணியை அடையாளம் காண முடிந்தது. காலணியைத் தாங்கிப் பிடித்த பட்டை இவ்வாறு வணிகச் சின்னமானது.

ஊரும் இரண்டானது. எந்தக் கடையில் பொருள் வாங்குவது, எந்தக் கால்பந்துக் கழகத்தில் ஆடுவது என்பதெல்லாம் எந்தத் தொழிற்சாலையில் வேலை என்பதைப் பொறுத்து அமைந்தது. எதிரே வருபவரிடம் பேசுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க முதலில் அவர் காலணியை நோக்குவார்கள் என்பதால், ஹெர்சோகனௌராக்குக்குத் தலைகுனிந்த ஊர் என்ற பட்டப்பெயரே ஏற்பட்டது.

அடிடாஸைக் குடும்பச் சண்டையிலிருந்து உலக வரைபடத்துக்குக் கொண்டுசென்றது 1954ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியில் மேற்கு ஜெர்மனியும் ஹங்கேரியும் மோதின. நான்கு ஆண்டுகளாகத் தோல்வி காணாத ஹங்கேரி அணி, முதல் சுற்றில் இதே ஜெர்மனியை 8-3 என்று வீழ்த்தியிருந்தது. ஜெர்மன் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கருக்கும் ருடால்ஃபுக்கும் உறவு கசந்திருந்ததால், அணியின் காலணிப் பொறுப்பு அடியிடம் வந்திருந்தது. அவர் அணியோடு பயணம் செய்து, பயிற்சியாளருக்கு அருகிலேயே அமர்ந்தார்.

அன்று பெர்னில் மழை பெய்தது. அடி கொண்டுவந்த பூட்ஸ்கள் வழக்கமானவற்றைவிட எடை குறைந்தவை. அவற்றின் அடியிலிருந்த குமிழ்களைத் திருகிக் கழற்றி வேறு நீளத்தில் மாட்ட முடியும். சேறாகிக்கொண்டிருந்த தரைக்கேற்ப நீண்ட குமிழ்கள் பொருத்தப்பட்டன. ஆட்டம் தொடங்கிய 8 நிமிடங்களில் ஹங்கேரி இரண்டு கோல்கள் அடித்தது. அடுத்த 10 நிமிடங்களில் ஜெர்மனி சமன் செய்தது. 84ஆவது நிமிடத்தில் ஹெல்முட் ரான் அடித்த கோலால் 3-2 என்று வென்றது. ஆணி அடித்த குமிழ்களோடு ஆடிய ஹங்கேரி வீரர்களின் கனத்த பூட்ஸ்கள் நீரை உறிஞ்சி மேலும் கனத்தன. ஒரு போட்டியைக் காலணி மட்டும் வென்று தராது. ஆயினும் போரில் சிதைந்த நாடு மீண்டும் தலைநிமிர்ந்த நாளாக ஜெர்மானியர் கொண்டாடும் அந்த நாளில், கோப்பையுடன் அடியின் பெயரும் நாளிதழ்களில் இடம்பெற்றது. திருகுக் குமிழ்களை முதலில் செய்தது தாங்களே என்று ஆற்றின் மறுகரையிலிருந்து பூமா உரிமை கோரியது.

தரைக்கும் காலுக்கும் உள்ள இந்த உறவை இந்தியக் கால்பந்து வேறு விதமாகக் கற்றது. டாஸ்லர் நிறுவனம் பிளவுபட்ட அதே 1948ஆம் ஆண்டில் லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் 1-2 என்று மட்டுமே தோற்றுப் பாராட்டுப் பெற்றனர். 1952ஆம் ஆண்டு ஹெல்சின்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற பின்னரே, இந்திய அணிக்குப் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது.

வெற்றிக்குப் பின் அடி மாறவில்லை. புதிய காலணிகளைத் தாமே அணிந்து ஓடிப் பார்த்தார். வீரர்கள் ஆடிக் கழித்த காலணிகளைத் திரும்பப் பெற்று, எங்கு தேய்ந்திருக்கிறது என்று ஆராய்ந்தார். உயரம் தாண்டுபவருக்கு எந்தக் கால் தரையை உதைக்கிறதோ அந்தக் காலுக்கு ஒரு விதமும் மற்றதற்கு வேறு விதமும் செய்தார். குளியலறையில் அணிய ஏதேனும் வேண்டும் என்று ஜெர்மன் கால்பந்து வீரர்கள் கேட்டதிலிருந்து பிறந்தது, 1972ஆம் ஆண்டு கடைகளுக்கு வந்த அடிலெட் செருப்பு. அவர் பெயரில் பதிவான காப்புரிமைகளும் பிற உரிமைகளும் 700க்கும் மேற்பட்டவை.

தொழில் மட்டும் அவர் அறிந்த உலகத்தை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்ற 20 வயது மகன் ஹோர்ஸ்ட், வீரர்களுக்குக் காலணிகளை இலவசமாக வாரி வழங்கினார். விரைவில் காலணியோடு பணமும் கைமாறியது. 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் 100 மீட்டர் தங்கத்தைப் பூமா காலணியில் வென்ற ஜெர்மனியின் அர்மின் ஹாரி, பதக்கம் பெற அடிடாஸ் காலணியில் மேடையேறியது இரு நிறுவனங்களையும் திகைக்க வைத்தது. வீரருக்கு ஊதியம் கூடாது என்ற அந்நாளைய ஒலிம்பிக் விதியைக் குலைத்ததில் இரண்டு சகோதரர்களின் போட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. அடி இத்தகைய பேரங்களை விரும்பியவர் அல்லர். அவற்றைத் தடுத்து நிறுத்தியவரும் அல்லர். பிரான்ஸ் கிளையைத் தம் விருப்பப்படி வளர்த்த ஹோர்ஸ்ட், சில முயற்சிகளைத் தந்தைக்குத் தெரியாமலேயே நடத்தினார். அண்ணன் தம்பிப் பூசல் அடுத்த தலைமுறையில் தந்தை மகன் இடைவெளியாக மாறியது.

நிறுவனம் காலணியோடு நிற்கவில்லை. 1967ஆம் ஆண்டு கால்பந்து வீரர் ஃபிரான்ஸ் பெக்கன்பவரின் பெயரில் பயிற்சி உடை வெளியாகி, அடிடாஸ் ஆடைத் துறையில் நுழைந்தது. 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அது அளித்த டெல்ஸ்டார் பந்தில் 12 கறுப்பு ஐங்கோணத் துண்டுகளும் 20 வெள்ளை அறுகோணத் துண்டுகளும் இருந்தன. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பந்து தெளிவாகத் தெரிவதற்கான ஏற்பாடு அது. கால்பந்து என்றதும் இன்றும் குழந்தைகள் வரையும் உருவம் அதுவே.

ருடால்ஃப் 1974ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காலமானார். அடி இறுதிச் சடங்குக்குச் செல்லவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1978ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி, 77ஆவது வயதில் அவரும் மறைந்தார். அமெரிக்காவில் சாலையெங்கும் மக்கள் மெதுவோட்டத்தில் இறங்கியிருந்த காலம் அது. ஜப்பானியக் கேமராக்கள் ஜெர்மன் கேமராக்களை வீழ்த்தியதைப் போல ஜப்பானியக் காலணிகளும் ஜெர்மன் காலணிகளை வீழ்த்துமா என்று ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது ஆய்வுக் கட்டுரை எழுதிய ஃபில் நைட், நைக்கி நிறுவனத்தை வளர்த்து அந்தச் சந்தையைக் கைப்பற்றிக்கொண்டிருந்தார். போட்டி வீரரையே நோக்கிப் பழகிய ஹெர்சோகனௌராக், உடல்நலத்துக்காக ஓடும் சாதாரண மனிதரைக் கவனிக்கத் தாமதித்தது.

கணவருக்குப் பின் நிறுவனத்தை நடத்திய கேத்தே 1984ஆம் ஆண்டின் கடைசி நாளில் இறந்தார். ஹோர்ஸ்ட் 1987ஆம் ஆண்டு 51 வயதில் மறைந்தார். 1990ஆம் ஆண்டு குடும்பம் தன் பங்குகளைப் பிரெஞ்சுத் தொழிலதிபர் பெர்னார் டபீயிடம் விற்றது. 1995ஆம் ஆண்டு அடிடாஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. இரண்டு நிறுவனங்களின் தலைமையகங்களும் இன்றும் அதே ஊரில்தான் உள்ளன. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி, உலக அமைதி நாளையொட்டி இரு நிறுவன ஊழியர்களும் கலந்து அணி பிரித்து ஒரு கால்பந்துப் போட்டி ஆடினர். டாஸ்லர் சகோதரர்களின் கல்லறைகள் ஊரின் ஒரே மயானத்தில், ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் இருக்க முடியுமோ அவ்வளவு தொலைவில், எதிரெதிர் மூலைகளில் அமைந்துள்ளன.